ஏட்டில் ‘டீக்கன்’ என்று இருந்தால்: இலங்கை மலையகத் தேவாலயப் பதிவுகளை வாசிப்பதும் எழுதுவதும்

பாட்டனாரின் ஞானஸ்நானச் சான்றிலோ, கோவில் நூற்றாண்டு மலரிலோ, கல்லறைக் கல்லிலோ ‘டீக்கன்’ என்று கண்டால் உடனே ‘குருவானவர்’ என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். ‘உபதேசியார்’ என்றும் இறக்கிவிடாதீர்கள். தியாக்கோன், திருத்தொண்டர், டீக்கன், உதவிக்குரு, உதவிக்காரர் என்று, சபையில் பணிவிடைக்கென்று உள்ள இந்தப் பதவிக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. எல்லாம் ஒரே கிரேக்கச் சொல்லைச் சுற்றி வந்தவை. ஆனால் எல்லாம் ஒரே வேலையைக் குறிப்பவை அல்ல. ஏடு எந்தச் சபையுடையது என்று முதலில் உறுதி செய்யுங்கள். அது தெரியாமல் சொல்லுக்குப் பொருள் சொல்ல முடியாது.

அந்தக் கிரேக்கச் சொல் ‘தியாக்கொனொஸ்’. பணிவிடை செய்கிறவர், பந்தி பரிமாறுகிறவர் என்று பொருள். இலத்தீனில் ‘தியாக்கொனுஸ்’ ஆனது. ‘தியாகம்’ என்பதோடு இதற்கு எந்த உறவும் இல்லை. ஓசை ஒத்திருப்பதால் விழா மலர்களில் ‘தியாகம் செய்தவரே தியாக்கோன்’ என்று எழுத ஆசை வரும், எழுதாதீர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பங்கீட்டில் கிரேக்கம் பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு எழ, ஸ்தேவான் முதலாக ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். இந்தப் பதவியின் தொடக்கம் அதுவே என்பது மரபு. ஆனால் அந்த அதிகாரத்தில் அவர்களுக்கு ‘தியாக்கொனொஸ்’ என்ற பட்டப்பெயர் இல்லை. பணிவிடை என்ற சொல்லும் பணிவிடை செய்வது என்ற வினையுமே உண்டு.

புரட்டஸ்தாந்தர் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் பிலிப்பியர் 1:1 ‘கண்காணிகளுக்கும், உதவிக்காரருக்கும்’ என்று வாசிக்கிறது. இந்த வசனத்தில் மலையக வாசகர் கொஞ்சம் நிற்க வேண்டும். இங்கே கண்காணி என்பது ஆயர், மேற்பார்வையாளர். நம் ஊரில் கண்காணி என்றால் தோட்டத்துக்கு ஆள்கட்டி வந்தவர், காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் போட்டவர். ஞானஸ்நான ஏட்டில் தகப்பனின் தொழில் என்ற கட்டத்தில் ‘கண்காணி’ என்று இருந்தால் அது தோட்டக் கண்காணிதான். சபைக் கூட்டக் குறிப்பிலோ பிரசங்கக் குறிப்பிலோ வந்தால் வசனத்திலிருந்து எடுத்ததா என்று பாருங்கள். அதேபோல் ரோமர் 16:1இல் பெபேயாள் ‘ஊழியக்காரி’ எனப்படுகிறாள். மூலத்தில் அங்கேயும் ‘தியாக்கொனொஸ்’தான்.

சபைக்குச் சபை வேறுபாடு

கத்தோலிக்கத்தில் தியாக்கோன் திருநிலைப்படுத்தப்பட்டவர். இன்று ‘திருத்தொண்டர்’ என்று அச்சிடுகிறோம். நற்செய்தி வாசிக்கலாம், மறையுரை ஆற்றலாம், திருமுழுக்குக் கொடுக்கலாம், அடக்கச் சடங்கு நடத்தலாம்; உரிய அனுமதி பெற்றால் திருமணத்தையும் நடத்திவைக்கலாம். திருப்பலி ஒப்புக்கொடுக்க முடியாது, பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது, நோயில்பூசுதல் கொடுக்க முடியாது. ‘தியாக்கோன் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்’ என்று மலரில் வந்தால் சொல் பிழை, அல்லது ஆள் பிழை. 1983 சட்டத்தொகுப்பின்படி, குருவாகப் போகிறவர் தியாக்கோன் ஆவதற்கு 23 வயது நிறைந்திருக்க வேண்டும், குருப்பட்டத்துக்கு 25. இரண்டுக்கும் இடையில் குறைந்தது ஆறு மாதம். ஒருவர் எந்த ஆண்டில் எந்த நிலையில் இருந்தார் என்று கணக்குப் பார்க்க இந்த எண்கள் உதவும். மணமானவர்கள் நிரந்தரத் திருத்தொண்டராகும் வழியை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் மீண்டும் திறந்தது. அதற்கான விதிகள் 1967இல் வந்தன. மணமானவருக்கு 35 வயது நிறைந்திருக்க வேண்டும், மனைவியின் சம்மதமும் வேண்டும்.

அங்கிலிக்கன் சபையிலும் டீக்கன் அபிஷேகம் பெற்றவரே. வழக்கமாக ஓராண்டளவு அந்த நிலையில் இருந்து, பிறகு குருவாவார். ‘உதவிக்குரு’ என்று இருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: டீக்கனா, அல்லது ஏற்கெனவே குருவாகி இன்னொருவருக்குக் கீழே உதவிக்கு இருந்தவரா? இரண்டு பேருக்கும் அந்தச் சொல்லை எழுதியிருப்பார்கள். நற்கருணை ஆராதனையை அவரே நடத்தியதாகப் பதிவு இருந்தால் அவர் அப்போது குரு. ‘ஆர்ச்டீக்கன்’ இன்னொரு கண்ணி. பெயரில் டீக்கன் இருந்தாலும் அவர் மூத்த குரு, பேராயருக்கு அடுத்து ஒரு பகுதி நிர்வாகத்தைப் பார்ப்பவர். அவரை டீக்கன் பட்டியலில் சேர்த்தால் பட்டியல் முழுதும் குழம்பும்.

பப்டிஸ்ட் சபையில் டீக்கன்மார் சபையார் தெரிந்தெடுக்கும் பொதுநிலையினர். கணக்கு, கட்டடம், ஏழைகளுக்கான உதவி அவர்கள் கையில். ஒருவர் கடையும் நடத்திக்கொண்டு டீக்கனாகவும் இருக்கலாம். ஆகவே அவர் பெயருக்கு முன் ‘வண.’ (வணக்கத்துக்குரிய) போடுவது தவறு.

இவர்களுக்கெல்லாம் வெளியே நிற்பவர் உபதேசியார். பாதர் மாதம் ஒரு தடவை மட்டுமே வந்துபோன தோட்டக் கோவில்களில் செபம் சொன்னவர், பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பித்தவர், சாகக்கிடந்த குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர்தான். வீடுகளில் ‘எங்க தாத்தா டீக்கனா இருந்தார்’ என்ற பேச்சை விசாரித்தால் அவர் உபதேசியாராக இருக்கக்கூடும். அதைத் திருத்தி எழுதுவது தாத்தாவைச் சிறுமைப்படுத்துவது அல்ல. தோட்டத்தில் சபை நிலைத்து நின்றது அந்த மனிதர்களின் தோளில். அவர்களுக்கு உரிய பெயரை அவர்களுக்கே கொடுக்க வேண்டும்.

ஏட்டில் தேடும் முறை

பங்கு அலுவலகத்தில் ஒரு வாரம் முன்பே கேட்டு வையுங்கள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு போய் நின்றால் யாருக்கும் நேரம் இருக்காது. பெற்றோர் பெயர், தோட்டம், டிவிஷன், உத்தேச ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் சனங்கள் சொல்லும் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருந்தால் இரண்டையும் குறியுங்கள்; ஏட்டில் எது இருக்கும் என்று சொல்ல முடியாது. பேனா வேண்டாம், பென்சில் போதும். விரலை நாக்கில் தொட்டுத் தாள் புரட்டக் கூடாது. மலைநாட்டு ஈரத்தில் தாள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், மை பரவியிருக்கும். படம் எடுக்க அனுமதி கிடைத்தால் வரியை மட்டும் எடுக்காமல் பக்கம் முழுவதையும் எடுங்கள். மேலும் கீழும் உள்ள வரிகளில் அதே கையெழுத்து தெளிவாக இருக்கும், ஒப்பிட உதவும்.

சொல்லப்பட்ட ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஆண்டு பாருங்கள். பிறந்த தேதியும் ஞானஸ்நானத் தேதியும் வேறு. பாதர் வரும் நாளுக்காகக் காத்திருந்த பிள்ளைக்கு இடைவெளி மாதக்கணக்கிலும் இருக்கும். இலத்தீனில் எழுதிய ஏடானால் மாதத்தில் ஏமாற வேண்டாம். ‘7’ என்று போட்டு ‘பிரிஸ்’ என்ற விகுதி சேர்ந்திருந்தால் அது செப்டெம்பர், யூலை அல்ல. 8 ஒக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். இந்த ஒரு தவறால் பிறப்புக்கு முன்பே ஞானஸ்நானம் நடந்ததாகச் சான்று எழுதப்பட்டுவிடும்.

பிறகு, ஞானஸ்நானம் கொடுத்தவர் கையெழுத்துக்கு வாருங்கள். ஆங்கில எழுத்தில் டி, ஐ, ஏ, சி என்று நான்கு எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தால் தியாக்கோன். 1917 கத்தோலிக்கச் சட்டப்படி, சிறப்புச் சடங்கோடு திருமுழுக்குக் கொடுக்கத் தியாக்கோனுக்கு ஆயரின் அல்லது பங்குக்குருவின் அனுமதி வேண்டும். ஆகவே இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்திய ஏட்டில் தியாக்கோன் கையெழுத்தைக் கண்டால் பக்கத்தில் அனுமதிக் குறிப்பு உண்டா என்று தேடி, சுருக்கெழுத்தையும் இரண்டாம் தடவை வாசியுங்கள். கண்டி வட்டாரமானால் அம்பிட்டியையும் நினைவில் வையுங்கள். 1893 முதல் 1955இல் புனேக்கு மாறும்வரை அங்கே பாப்பரசர் குருமடம் இயங்கியது. இந்தியாவின் மறைமாவட்டங்களிலிருந்தும் மாணவர் வந்து படித்தார்கள். உள்ளூரில் யாருக்கும் தெரியாத ஒரு பெயர் கையெழுத்தாக இருந்தால் அந்தத் திசையிலும் விசாரிக்கலாம்.

ஒருவர் தியாக்கோன் பட்டம் பெற்றாரா என்று அறிய இன்னொரு வழி அவருடைய சொந்த ஞானஸ்நான வரி. உறுதிபூசுதல், திருமணம், குருத்துவப் பட்டங்கள் எல்லாம் அந்த வரியின் ஓரத்தில் பதியப்பட வேண்டும் என்பது சபைச் சட்டம். சான்றிதழ் நகலில் ஓரக் குறிப்பை விட்டுவிடுவார்கள். ஏட்டையே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

படத்தில் அடையாளம்

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில், பூசை உடுப்போடு போடும் நீண்ட கழுத்துப் பட்டியை (ஸ்டோல்) பாருங்கள். இடத் தோளிலிருந்து மார்பைக் குறுக்காகக் கடந்து வலப்பக்க இடுப்புக்கு ஒரே பட்டியாக இறங்கினால் தியாக்கோன். இரண்டு தோளிலும் நேராகத் தொங்கினால் குரு; பழைய முறைப் பூசையில் குரு அதை மார்பில் குறுக்கும் மறுக்குமாகக் கட்டுவார். வலத் தோளிலிருந்து இறங்குவதாகத் தெரிந்தால் நெகட்டிவ் தலைகீழாக அச்சாகியிருக்கலாம். பின்னால் உள்ள பலகை எழுத்தைப் பாருங்கள், அதுவும் திரும்பியிருக்கும்.

ஆனால் ஆடம்பரப் பாட்டுப் பூசைப் படம் மட்டும் சாட்சி ஆகாது. அந்தப் பூசையில் தியாக்கோன், அவருக்கு ஒரு படி கீழான உபதியாக்கோன் இடங்களில் குருமாரே நிற்பது வழக்கம். அந்தந்த உடுப்பையும் போட்டுக்கொள்வார்கள். நிகழ்ச்சி நிரலில் ‘தியாக்கோன்: இன்னார்’ என்று அச்சாகியிருந்தாலும் அது அன்றைய பங்கு, அவர் நிலை அல்ல. உபதியாக்கோனுக்குக் கழுத்துப் பட்டி இல்லை; ஆனால் தியாக்கோனின் பட்டியும் கை வைத்த மேலங்கிக்குள் மறைந்திருக்கும், ஆகவே பட்டி தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உபதியாக்கோன் பட்டத்தை இலத்தீன் சபை 1972இல் நிறுத்தியது.

பெயராக வரும்போது

ஆங்கிலேயரில் ‘டீக்கன்’ குடும்பப் பெயரும்கூட. ‘டீக்கின்’ அதன் இன்னொரு வடிவம். அவுஸ்திரேலியப் பிரதமராக இருந்த அல்பிரட் டீக்கின் அந்தப் பெயருக்காரர். ரஷ்யரில் ‘தியாக்கொனவ்’ உண்டு. தோட்டத் துரைமார் பட்டியலில் ‘மிஸ்டர் டீக்கன்’ என்றோ, சொல்லுக்குப் பின் காற்புள்ளி வைத்து முதலெழுத்துகள் தொடர்ந்தோ வந்தால் அது குடும்பப் பெயர். அவரைச் சபை ஊழியராக்காதீர்கள். மாறாக, லொம்பார்டியர் வரலாறு எழுதிய 8ஆம் நூற்றாண்டுப் பவுல் தியாக்கோன், பைசாந்திய வரலாறு எழுதிய 10ஆம் நூற்றாண்டு லியோ தியாக்கோன் போன்றோருக்கு அது பதவி, பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நம் குடும்பங்களில் பதவிப் பெயர் நுழையவில்லை, தியாக்கோன்களின் பெயர்கள் நுழைந்தன. முதல் ஏழு பேரில் ஒருவரான ஸ்தேவானின் கிரேக்கப் பெயர் ‘ஸ்தெபானொஸ்’; அதற்கு முடி, கிரீடம் என்று பொருள். அதனால் கத்தோலிக்கர் அவரை முடியப்பர் என்றார்கள். புரட்டஸ்தாந்தர் ஸ்தேவான் என்றார்கள். ஆகவே இலத்தீன் ஏட்டில் ‘ஸ்தெபானுஸ்’, வீட்டில் முடியப்பன், தோட்டச் செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) ஸ்டீபன் என்று மூன்றாக இருப்பவர் ஒரே ஆளாக இருக்கலாம். தகப்பன் பெயராக வரும்போது இலத்தீனில் அது ‘ஸ்தெபானி’ ஆகும். பெண் பெயர் என்று எடுத்துவிடாதீர்கள். 258இல் உரோமையில் கொல்லப்பட்ட தியாக்கோன் லோரன்ஸ் ஏட்டில் ‘லௌரெந்தியுஸ்’. திருநாள்களும் துப்புத் தரும்: முடியப்பர் டிசம்பர் 26, லோரன்ஸ் ஓகஸ்ட் 10, இன்னொரு தியாக்கோனான வின்சென்ட் ஜனவரி 22. அந்த நாளை ஒட்டிப் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் வைத்திருக்கலாம்.

அழைப்பிதழ் எழுதும்போது

பட்டமளிப்பு அட்டையில் நிகழ்ச்சியின் பெயர் ‘திருத்தொண்டர் திருநிலைப்பாட்டுத் திருப்பலி’. ‘குருப்பட்டம்’ என்று போட்டால் பட்டம் பெறுகிறவருக்கே சங்கடம். அதுவரை ‘அருட்சகோதரர்’ என்று அச்சிட்டவரை மறுநாள் முதல் ‘திருத்தொண்டர்’ என்று மாற்றுங்கள். ‘அருட்தந்தை’ குருப்பட்டத்துக்குப் பிறகுதான். அங்கிலிக்கன் டீக்கனுக்கு ‘வண.’ போடலாம். பழைய ஏட்டிலிருந்து எடுத்துப் போடும்போது மூலத்தில் உள்ள சொல்லையே மேற்கோள் குறிக்குள் வைத்து, இன்றைய சொல்லைப் பக்கத்தில் தனியாகக் கொடுங்கள். தொகுதி எண், பக்கம், வரி எண் மூன்றையும் அடியில் குறியுங்கள். அச்சகத்துக்கு அனுப்பும் முன் பங்குத்தந்தையிடம் ஒரு தடவை காட்டுங்கள். பெயருக்கு முன்னால் உள்ள சொல்லை மட்டும் சரிபார்க்கச் சொன்னால் ஐந்து நிமிட வேலை.