தரைமட்ட ஓசோன்: மாநிலங்கள் கூடிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உயரே இருந்துகொண்டு புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை. நாம் மூச்சுவிடும் உயரத்தில் இருக்கும் ஓசோன்தான் விஷயம். நுரையீரலில் எரிச்சலை உண்டாக்குவது, ஆஸ்துமாக்காரர்களை ஆஸ்பத்திரிக்கு ஓடவைப்பது, கோதுமை விளைச்சலைக் குறைப்பது எல்லாம் இதுதான். எந்தப் புகைபோக்கியும் இதை நேரடியாக விடுவதில்லை. வண்டிகளும் மின்நிலையங்களும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயின்ட், கரைப்பான் போன்றவற்றிலிருந்து கிளம்பும் கரிம ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து காற்றிலேயே ஓசோன் உண்டாகிறது. அதற்குச் சில மணி நேரம் ஆகும், அதற்குள் காற்று அந்தச் சரக்கை எங்கேயோ கொண்டுபோயிருக்கும். பல மாநிலங்கள் சேர்ந்து ஓசோனைக் குறைக்கக் கிளம்பிச் சறுக்கும் இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் இந்த ஒன்றை மறந்திருப்பார்கள்.

ஓசோன் அதிகமாகப் பதிவாகும் ஊரைக் குற்றவாளி ஆக்குவது அதில் முதல் தவறு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் ஷெபாய்கன் என்று ஓர் ஊர், மக்கள்தொகை சுமார் 50,000 தான். அங்கே ஏரியை ஒட்டிய கோலர்-ஆண்ட்ரே பூங்காவில் இருக்கும் கண்காணிப்புக் கருவி, அந்த வட்டாரத்திலேயே மிக அதிகமான ஓசோன் அளவுகளைப் பல வருடங்கள் காட்டியிருக்கிறது. ஊரில் அவ்வளவு வண்டியும் இல்லை, ஆலையும் இல்லை. நடப்பது என்னவென்றால், தெற்கே சிகாகோ, கேரி, மில்வாக்கி பக்கமிருந்து காலையில் கிளம்பும் புகை ஏரிக்கு மேலே போய்ச் சேர்கிறது. கோடையின் தொடக்கத்தில் ஏரித் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், அதன்மேல் உள்ள காற்று மேலே எழும்பிக் கலக்காமல் ஒரு மெல்லிய அடுக்காகப் படுத்துக்கிடக்கும், மேலே நல்ல வெயில், அந்த அடுக்குக்குள்ளேயே ஓசோன் திரண்டுகொண்டே போகும். மதியத்துக்குமேல் ஏரிக்காற்று கரையை நோக்கித் திரும்பும்போது மொத்தமும் ஷெபாய்கன் மேல் வந்து இறங்குகிறது. கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனால் அளவு குறைந்துவிடும். இந்த ஊரை மட்டும் பிடித்துக்கொண்டு என்ன விதி போட்டாலும் கருவி அசையாது. விஸ்கான்சின் வழக்குக்குப் போனது இதனால்தான். அப்புறம் 1989ல் இல்லினாய், இந்தியானா, மிச்சிகன், விஸ்கான்சின் நான்கும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கி, ஏரிமேல் என்ன நடக்கிறது என்று ஒன்றாக ஆராயத் தொடங்கின.

அந்த ஒன்றாக ஆராய்வதைத் தள்ளிப்போட்டு, பழிபோடுவதில் ஆரம்பிப்பது இன்னொரு தவறு. ஒவ்வொரு மாநிலமும் தன் கணக்கு, தன் கணினிக் கணிப்பு, தன் நிபுணர் என்று வந்தால் பேச்சு முடியவே முடியாது. ஐரோப்பிய நாடுகள் 1979ல் எல்லை தாண்டும் காற்று மாசுக்கான உடன்படிக்கையைப் போட்டபின், 1984லேயே கண்காணிப்புக்கும் கணக்கீட்டுக்குமான செலவைப் பகிர்ந்துகொள்ளத் தனி நெறிமுறை, அதாவது ஒரு துணை ஒப்பந்தம், போட்டுக்கொண்டன. எல்லோரும் ஒரே எண்களைப் பார்த்துப் பேசினார்கள். 1999ல் கோதன்பர்க் நெறிமுறையில் நாடுவாரியாக உமிழ்வு உச்சவரம்பு எழுத முடிந்ததற்கு அந்த அடித்தளம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவிலும் 1995 முதல் 1997 வரை 37 மாநிலங்கள் சேர்ந்து உட்கார்ந்து ஓசோன் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஆராய்ந்தபின்தான், 1998ல் கிழக்குப் பகுதியின் 22 மாநிலங்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு குறைப்பு கட்டாயமானது.

வேதியியலைப் பாதி மட்டும் பிடித்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. அமெரிக்கா நீண்ட காலம் கரிம ஆவிகளைக் குறைத்தால் போதும் என்று நம்பியது. அட்லாண்டா போன்ற ஊர்களில் மரங்களே ஐசோப்ரீன் என்ற ஆவியை ஏராளமாக விடுகின்றன, அதைக் குறைக்க முடியாது, ஆகவே அங்கே நைட்ரஜன் ஆக்சைடைத்தான் பிடிக்க வேண்டும் என்பது 1988 வாக்கில்தான் தெளிவானது. இதைக் கேட்டுவிட்டு மரத்தை வெட்டலாமா என்று யாரும் கேட்க வேண்டாம், வண்டிப் புகை இல்லாமல் மரங்கள் மட்டும் இந்த அளவுக்கு ஓசோனை உண்டாக்காது. எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. நெரிசலான நகர மையத்தில் புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு (நைட்ரஜன் ஆக்சைடுகளில் ஒன்று) ஓசோனைத் தின்றுவிடும். அங்கே புகையைக் கொஞ்சமாகக் குறைத்தால் நகருக்குள் ஓசோன் ஏறலாம், காற்று போகும் திசையில் இருக்கிற ஊரில் இறங்கும். 2020 ஊரடங்கின்போது வட சீன நகரங்களில் வண்டிகள் நின்றும் ஓசோன் கூடியது இப்படித்தான். இதைக் காட்டி ‘எங்களுக்கு விலக்கு கொடுங்கள்’ என்று ஒரு நகரம் கேட்டால் பக்கத்து மாநிலம் ஒத்துக்கொள்ளக் கூடாது. இரண்டையும் சேர்த்து, அரைகுறையாக இல்லாமல் நிறையவே குறைப்பதுதான் சரி.

என்னை அதிகமாகக் கோபப்படுத்தும் தவறு, சராசரியை வைத்து ஒப்பந்தம் போடுவது. ஓசோன் எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை, கொளுத்தும் வெயிலும் காற்றசைவு இல்லாத பொழுதும் சேரும் சில நாட்களில்தான் அளவு எகிறுகிறது. அதே நாட்களில்தான் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும், அதற்கு மின்சாரம் கொடுக்க, மற்ற நாளெல்லாம் தூங்கும் பழைய டர்பைன்களும் இயங்கும். மே முதல் செப்டம்பர் வரை மொத்தம் இவ்வளவு டன் என்று உச்சவரம்பு வைத்தால், அந்த மொத்தத்துக்குள் இருந்துகொண்டே மோசமான நாளில் எவ்வளவு வேண்டுமானாலும் விடலாம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் இதைக் கண்ணெதிரே பார்த்தது. காற்று வரும் திசையில் உள்ள அனல் மின்நிலையங்களில், அம்மோனியா தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைப் பெருமளவு நீக்கும் கருவிகள் ஏற்கெனவே கட்டிவைக்கப்பட்டிருந்தன, ஆனால் அவற்றை முழுதாக ஓட்டுவதைவிட உமிழ்வு அனுமதிச் சீட்டு (கூடுதலாகப் புகை விடும் உரிமையைக் காசு கொடுத்து வாங்கும் சீட்டு) வாங்குவது மலிவாக இருந்தது. மேரிலாந்து முதலில் தன் நிலக்கரி நிலையங்கள் கோடையில் தினமும் கருவிகளை ஓட்ட வேண்டும் என்று 2015ல் விதி போட்டது. அடுத்த வருடம் நவம்பரில், ஐந்து மாநிலங்களின் 36 மின் அலகுகள் மீதும் அதையே விதிக்கும்படி மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமையிடம் மனு கொடுத்தது. 2018ல் மனு நிராகரிக்கப்பட்டது. புதிதாக எதையும் கட்டச் சொல்லவில்லை, இருக்கிற கருவியை ஓட்டுங்கள் என்றுதான் கேட்டார்கள். அதனால் ஒப்பந்தம் எழுதும்போது பருவ உச்சவரம்பு மட்டும் போதாது, தினசரி வரம்பும் வேண்டும்.

நம் பக்கம் வருவோம். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் உட்பட எட்டு நாடுகள் 1998லேயே காற்று மாசு பற்றி மாலே பிரகடனத்தை ஏற்றுக்கொண்டன. கண்காணிப்பு, பயிற்சி என்று நல்ல வேலைகள் அதில் உண்டு, ஆனால் யார் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உள்நாட்டில் 2019ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டம் நகரங்களை எடைபோடுவது தூசியை வைத்துத்தான். டெல்லிக்கும் அதைச் சுற்றிய ஹரியானா, பஞ்சாப், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசப் பகுதிகளுக்கும் 2021ல் சட்டப்படியான ஆணையம் வந்தது பெரிய விஷயம், மாநில எல்லை தாண்டி உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. ஆனால் மக்கள் பேச்சும் நடவடிக்கையும் குளிர்காலப் புகைமூட்டத்தோடு நின்றுவிடுகின்றன. டெல்லியில் ஓசோன் உச்சத்துக்குப் போவது ஏப்ரல், மே, ஜூனில், வானம் பளிச்சென்று இருக்கும்போது. தூசியைக் குறைத்தால் ஓசோனும் தானாகக் குறையும் என்று நம்பவும் கூடாது. சீனாவில் 2013க்குப் பின் நுண்துகள் வேகமாகக் குறைந்தபோது பல நகரங்களில் ஓசோன் ஏறியது.

நம் கண்காணிப்புக் கருவிகள் பெரும்பாலும் நகரங்களுக்குள் இருக்கின்றன, அதாவது புதுப் புகை ஓசோனைத் தின்றுவிடும் இடங்களில். காற்று போகும் திசையில் இருக்கும் வயல்வெளிகளில் அளப்பது மிகக் குறைவு. டெல்லி வட்டாரத்துக்கான அந்த ஆணையம் அடுத்து நிறுவும் கருவிகளில் சிலவற்றையாவது ஹரியானா, உத்தரப் பிரதேசக் கிராமங்களில் வைத்து, பிப்ரவரி, மார்ச்சில் கோதுமை பால்பிடிக்கும் வாரங்களின் அளவுகளை அந்தந்த விவசாயிகளுக்கும் சொல்ல வேண்டும்.