இங்கிலாந்தின் கிராமத்துத் திருச்சபைப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இங்கிலாந்துத் திருச்சபையின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளியொன்றில் பிள்ளையைச் சேர்க்க எண்ணுவோர், முதலில் அது எவ்வகைப் பள்ளி என்று கேட்டறிய வேண்டும். ‘வாலன்டரி கன்ட்ரோல்ட்’ வகையெனில் சேர்க்கை விதிகளைப் பொதுவாக உள்ளாட்சி மன்றமே வகுக்கும். ‘வாலன்டரி எய்டட்’ வகையெனில் பள்ளியின் ஆளுநர் குழு வகுப்பதால், இடத்துக்குப் போட்டி மிகும்போது தேவாலயத்துக்குத் தவறாது செல்லும் குடும்பங்களுக்கு முன்னுரிமை கிடைக்கலாம், அதற்கெனத் தனிப் படிவமும் கேட்கப்படலாம். எதுவாயினும் பொது விண்ணப்பம் ஜனவரி 15-க்குள் சென்று சேர வேண்டும்.

அடுத்து, பள்ளியை நேரில் பாருங்கள். மாணவர் தொகை குறைவென்பதால் இரண்டு மூன்று வெவ்வேறு வயதுப் பிரிவினர் ஒரே வகுப்பில் அமர்வது இங்கு வழக்கம். ஆகவே மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் ஒரே பாடத்தை எப்படிப் பிரித்துக் கற்பிக்கிறார்கள் என்று ஆசிரியரிடம் விரிவாகக் கேளுங்கள். நட்பு, நன்றியுணர்வு, மன்னிப்பு எனப் பள்ளியின் விழுமியங்களைச் சுவரில் எழுதியிருப்பதைப் படிப்பதைவிட, விளையாட்டுத் திடலில் மூண்ட சண்டையை எப்படித் தீர்த்தார்கள் என்று விசாரிப்பது, என் கருத்தில், அதிகம் சொல்லும்.

நாள்தோறும் கூட்டு வழிபாடு உண்டு. பல பள்ளிகளில் மெழுகுவர்த்தி ஏற்றி, விவிலியக் கதை கூறி, பாடலும் சிறு செபமுமாக முடிப்பார்கள். பிற சமயப் பெற்றோர் பிள்ளையை அதிலிருந்து விலக்கிக்கொள்ளச் சட்டம் உரிமை தருகிறது; எனினும் வாய்ப்பிருந்தால் ஒரு வழிபாட்டை நேரில் பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது. இலையுதிர்கால அறுவடைத் திருநாளில் பிள்ளைகள் தேவாலயத்துக்குக் கொண்டுசெல்லும் உணவு டப்பாக்கள் பெரும்பாலும் வறியோருக்கு இலவசமாக உணவு வழங்கும் உணவு வங்கிக்கே போகின்றன என்பதால், அதில் கலந்துகொள்ளப் பலரும் தயங்குவதில்லை.