ஜெர்மனில மீடியா மாஸ்டர்ஸ் படிக்கணுமா, இங்க ஆரம்பிங்க

மொதல்ல ஏபிஎஸ் சர்டிபிகேட்டுக்கு (நம்ம மார்க்‌ஷீட், டிகிரி எல்லாம் உண்மைதான்னு சரிபாத்து குடுக்கிற சர்டிபிகேட்) அப்ளை பண்ணிடுங்க, 2022 நவம்பர்ல இருந்து இந்தியால படிச்சவங்களுக்கு ஸ்டூடண்ட் விசாவுக்கே இது வேணும், கைக்கு வர நாளாகும், அதனால அட்மிஷன் கெடச்சப்புறம் பாத்துக்கலாம்னு மட்டும் விட்றாதீங்க ப்ளீஸ்.

அப்புறம் டிஏஏடி (வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸுக்கு உதவுற ஜெர்மன் அமைப்பு) வெப்சைட்ல இங்கிலீஷ் கோர்ஸ்னு ஃபில்டர் போட்டு தேடுங்க. இல்மெனாவ் டெக்னிக்கல் யுனிவர்சிட்டில மீடியா அண்ட் கம்யூனிகேஷன் சயின்ஸ் இங்கிலீஷ்லயே இருக்கு, ஆனா அது ஆராய்ச்சி பக்கம் சாஞ்ச படிப்பு, கேமரா, எடிட்டிங் கத்துக்கணும்னு போனா ஏமாந்துருவீங்க, அதனால சிலபஸ ஒவ்வொரு பேப்பரா உக்காந்து படிங்க, நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிறது இதத்தான்.

அரசு யுனிவர்சிட்டில பெரும்பாலும் ஃபீஸ் இல்ல, ஆனா பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல நம்மள மாதிரி வெளிநாட்டுக்காரங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. செலவுக்குன்னு பிளாக்டு அக்கவுண்ட்ல (மொத்தமா பணத்த போட்டுட்டு மாசாமாசம் ஒரு அளவு மட்டும் எடுக்க முடியற அக்கவுண்ட்) வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும், அது 2024 செப்டம்பர்ல வந்த கணக்கு.