தொழிலுக்கு அயல்மொழி: தேர்வில் சறுக்கும் இடங்கள்

"எந்த மொழி படித்தால் வியாபாரத்துக்கு உதவும்?" என்று கேட்பவர்கள் பலரும் உலகில் அதிகம் பேர் பேசும் மொழிகளின் பட்டியலோடுதான் வருகிறார்கள். உங்களுக்கு ஆர்டர் தருபவர் ஒசாகாவில் இருக்கும்போது, ஸ்பானிஷ் எத்தனை நாடுகளில் ஓடினால் என்ன? முதலில் கடந்த ஓராண்டு இன்வாய்ஸ்களைப் புரட்டுங்கள். யாரிடம் வாங்குகிறோம், யாருக்கு விற்கிறோம், எங்கே பேச்சு சிக்குகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தென் அமெரிக்கா என்றதும் ஸ்பானிஷுக்குப் பணம் கட்டிவிடுவதும் உண்டு. அங்கே மிகப் பெரிய சந்தையான பிரேசில் பேசுவது போர்த்துக்கீசியம்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது வேறொன்று. "ஜப்பானிய மொழியா? ரொம்பக் கஷ்டம்" என்று தொடங்குமுன்பே விலகிவிடுகிறார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஜப்பானியம், கொரியம் இரண்டுக்கும் சுமார் 2,200 மணி நேர வகுப்பு வேண்டும் என்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான கணக்கு! 'டோக்கியோ நி இகிமாஸ்' என்பதை அதே வரிசையில் 'டோக்கியோவுக்குப் போகிறேன்' என்கிறோம். உருபு பெயருக்குப் பின்னால், வினை கடைசியில். கொரியத்திலும் அப்படித்தான். ஆங்கிலம் பேசுபவர்கள் தடுமாறும் வாக்கிய அமைப்பு நமக்குப் பிறந்த வீடு. எழுத்து மட்டும் வேறு கதை: கொரிய எழுத்தைச் சில நாட்களில் பிடித்துவிடலாம், ஜப்பானில் அன்றாடப் பயன்பாட்டுக்கென வகுத்த, சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளே 2,136. 1998 முதல் கொரிய நிறுவனமான ஹூண்டாய் கார் தயாரிக்கும் இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றி உதிரிபாகம் செய்பவர், இதைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுக்கட்டும்.

சான்றிதழை இலக்காக வைப்பதும் தவறு. ஜப்பானிய மொழித் திறனறித் தேர்வான ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வே கிடையாது. விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதன் ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவதான என்4 தேறியவர் தொலைபேசி மணி அடித்தால் எடுக்கத் தயங்குவது அதனால்தான். வகுப்பில் சேருமுன் ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை நிமிடம் நான் வாய் திறந்து பேசுவேன்?

ஓரளவு பேச வந்த பிறகும் ஒப்பந்தத்தை மட்டும் நீங்களே படித்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்குத் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நீங்கள் கற்ற மொழி விருந்து மேசைக்கும், தாமதமான சரக்கைப் பற்றிய அந்தச் சங்கடமான தொலைபேசி அழைப்புக்கும்.