இதய பயாப்ஸி: சொல்லாமல் விடுவதால் வரும் சிக்கல்கள்

காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும், இதயத் தசையின் சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதிக்கும் இதய பயாப்ஸிக்காக மதுரைக்கோ சென்னைக்கோ புறப்படும் குடும்பங்கள் எக்கோ அறிக்கையை மறக்காமல் எடுத்துக்கொள்கின்றன. அன்றாடம் விழுங்கும் மாத்திரைகளின் அட்டைகள்தான் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைச் சொல்லாமல் மறைப்பதும் தவறு. யாரோ சொன்னார்கள் என்று தாமாகவே நிறுத்திவிடுவதும், குறிப்பாகச் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கு, அதே அளவு ஆபத்து.

இச்சோதனையில் கழுத்திலோ தொடையிலோ உள்ள சிரை வழியாக, நுனியில் சிறு தாடையுள்ள பயோப்டோம் என்னும் கருவியை வலது கீழறைக்குள் செலுத்தி, இரு கீழறைகளுக்கு நடுவிலுள்ள தடுப்புச் சுவரிலிருந்து 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்குகளைக் கிள்ளி எடுக்கிறார்கள். கருவி சற்று விலகிச் சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள வெளிச்சுவரைக் கிள்ளிவிட்டால் துளை விழுந்து, கசியும் ரத்தம் இதய உறைக்குள் தேங்கி இதயத்தையே நெருக்கத் தொடங்கும். தேர்ந்த மையங்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இது நேர்கிறது. நேர்ந்தால் நிமிடங்கள்கூட முக்கியம். கருவியைச் செலுத்தத் துளையிடும் இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் சோதனையாதலால் நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார். திடீரென நெஞ்சு குத்தினாலும் மூச்சு முட்டினாலும் தலை சுற்றினாலும், 'டாக்டர் வேலையாக இருக்கிறாரே' என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பது நம் பக்கத்து மரியாதையாக இருக்கலாம், மேசைமேல் அது உதவாது. வார்டுக்கு வந்தபின் அதே வலியை வாயு என்று முடிவு செய்து ஓமத் தண்ணீர் கொடுத்துக் காலம் கடத்துவது அதனினும் மோசம்.

பழைய ஈசிஜி தாளை வீட்டிலேயே விட்டுச் செல்வதை நான் பெரிய தவறாகவே கருதுகிறேன். இதயத்தின் இடது மின்பாதை முன்பே அடைபட்டவருக்குக் கருவி இடித்து வலது பாதையும் நின்றால், துடிப்பு கீழறைகளுக்குச் செல்லாமல் முழுத் தடையாகிவிடும். பழைய தாளிலிருந்து இது முன்கூட்டித் தெரிந்தால், துடிப்பைத் தூண்டும் தற்காலிக பேஸ்மேக்கரைத் தயாராக வைத்திருப்பார்கள். மாற்று இதயம் பொருத்தப்பட்டுப் பலமுறை பயாப்ஸி செய்துகொண்டவர்கள் கால் வீக்கத்தைச் சாதாரணமாக விடக்கூடாது. கருவி ஒவ்வொரு முறையும் கடந்துசெல்லும் மூவிதழ் வால்வு சேதமடைந்ததன் அறிகுறியாக அது இருக்கலாம்.

தொடை வழியாகச் செய்துகொண்டவர் வீடு திரும்பியதும், முகப்பின் படிகளையும் உள்முற்றமான வளவின் உயர்ந்த நிலைப்படிகளையும் ஓரிரு நாளாவது அடிக்கடி தாண்டாமல் ஒரே அறையில் இருப்பது நல்லது. துளையிட்ட இடம் திடீரென வீங்கினாலோ ரத்தம் கசிந்தாலோ, படுக்கவைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.