பத்து டாலர் கண்ணாடியும் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஒரு நாட்டுப்புற நகரத்துக் கண் பரிசோதனை நிலையத்தில் கண்ணாடி பொருத்தும் வேலை பார்க்கிறேன். இந்தப் பக்கத்து மருத்துவமனைகள், மருந்துக்கடைகள், முதியோர் இல்லங்கள் எதற்குள் நுழைந்தாலும் ஒரு தமிழ்க்குரலாவது காதில் விழும். டாக்டராக, நர்ஸாக, வரவேற்பு மேசையில் இருப்பவராக நம்மவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் முன்னால் வந்து உட்காரும் பூர்வகுடி மனிதருக்குப் பத்து டாலரில் நல்ல கண்ணாடி கிடைக்க வழி இருக்கிறது. அந்த வழியை அவருக்குக் காட்டக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

விக்டோரிய அபொரிஜினல் கண்ணாடி மானியத் திட்டம் என்று அதைச் சொல்லலாம். மாநில அரசின் நிதியில் 2010இல் தொடங்கியது. மெல்பர்ன் கார்ல்டனில் இருக்கும் ஆஸ்திரேலியன் காலேஜ் ஆஃப் ஆப்டோமெட்ரி என்ற கண் பரிசோதனை நிறுவனம் இதை நடத்துகிறது. விக்டோரியாவில் வசிக்கும் பூர்வகுடிகளான அபொரிஜினல் மக்களுக்கும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களுக்கும் உரியது. கண்ணாடி வாங்குபவர் கையிலிருந்து கொடுக்க வேண்டியது பத்து டாலர்.

இப்போது அந்தக் கேள்வி. "நீங்கள் அபொரிஜினல் அல்லது டோரஸ் நீரிணைத் தீவு வழி வந்தவரா?" இதை எல்லோரிடமும் கேளுங்கள். வெள்ளைத் தோலும் நீலக் கண்ணும் உள்ளவரிடமும் கேளுங்கள். ஆளைப் பார்த்து ஊகிக்கவே கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடையில் வேலை பார்த்தபோது நான் ஊகித்தேன். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, செம்பட்டை முடி, வெளுத்த நிறம். நான் எதுவும் கேட்கவில்லை. நானூறு டாலருக்கும் மேலான கண்ணாடியைத் தவணை முறையில் வாங்கிக்கொண்டு போனார். நான்கு மாதம் கழித்துக் கடைசித் தவணையைக் கட்ட வந்தபோது, கூட வந்த பேரனின் சட்டையில் பூர்வகுடிக் கொடி இருந்தது. கறுப்பு, சிவப்பு, நடுவில் மஞ்சள் வட்டம். அப்போதுதான் கேட்டேன். "ஆமாம் மகளே, நீ கேட்கவே இல்லையே" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அந்தப் பணம் அவருக்கு எத்தனை வாரச் சாப்பாடு என்பது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் கேட்காமல் விட்ட ஆள் கிடையாது.

கேட்பதற்கும் ஒரு பதம் உண்டு. குரலைத் தாழ்த்தி, ஏதோ ரகசியம் போலக் கேட்காதீர்கள். பிறந்த தேதி கேட்கும் அதே குரலில் கேளுங்கள். "எதற்கு?" என்று திருப்பிக் கேட்டால் உடனே காரணத்தைச் சொல்லுங்கள்: "எல்லோரிடமும் கேட்கிறோம். ஆமாம் என்றால் உங்களுக்குக் குறைந்த விலையில் கண்ணாடி கிடைக்கும்." பூர்வகுடி என்று பதிந்ததைக் காரணமாக வைத்தே பிள்ளைகளைத் தாய்மார்களிடமிருந்து பிரித்துக்கொண்டு போன நாடு இது. இப்படிப் பிடுங்கப்பட்டவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். படிவத்தைப் பார்த்து ஒரு கணம் அவர் தயங்கினால், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். திட்டத்தின் விவரத்தை மட்டும் சொல்லி வையுங்கள். அடுத்த முறை அவரே சொல்லக்கூடும்.

அடுத்தது தொலைபேசி. எல்லாக் கண்ணாடிக் கடைகளும் இந்தத் திட்டத்தில் இல்லை. பேரங்காடிக் கடையில் போய் நின்றால் இதைப் பற்றி யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். எனவே கார்ல்டன் நிலையத்தையோ அருகிலுள்ள அபொரிஜினல் சுகாதார நிலையத்தையோ அழைத்து, நம் ஊருக்குப் பக்கத்தில் எங்கே இந்தக் கண்ணாடி கிடைக்கும் என்று கேளுங்கள். மெல்பர்னில் 1973இல் ஃபிட்ஸ்ராயில் தொடங்கிய விக்டோரிய அபொரிஜினல் சுகாதாரச் சேவை இருக்கிறது. ஷெப்பர்டன் பக்கம் என்றால் மூரூப்னாவில் ரும்பலாரா இருக்கிறது. இந்த நிலையங்களைப் பூர்வகுடி மக்களே நடத்துகிறார்கள். கண்ணாடியோடு சேர்த்து மற்ற உடல்நலக் காரியங்களையும் பார்த்துவிடலாம் என்பதால் முடிந்தவரை அங்கேயே அனுப்புகிறேன்.

நேரம் குறிக்கும்போதே மானியத் திட்டத்தின் பெயரைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் கடையில் ஃப்ரேம் பார்க்கும் இடத்துக்கு வந்த பிறகு, நாலு பேர் நடுவில் "பத்து டாலர் கண்ணாடி இருக்கிறதா?" என்று ஒரு பெரியவரைக் கேட்க வைப்பது தவறு. பூர்வகுடி மக்களின் பேச்சில் "ஷேம்" என்ற சொல் அடிக்கடி வரும். நாலு பேர் முன்னால் கூனிக் குறுகிப் போவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்த நிலை வரும் என்று தோன்றினால் வராமலே இருந்துவிடுவார்கள்.

சோதனைக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை போதும். பல்க் பில்லிங், அதாவது முழுக் கட்டணத்தையும் மெடிகேரிடமே வாங்கிக்கொள்வது, செய்கிறார்களா என்று முன்பே கேட்டு அப்படிப்பட்ட இடத்துக்குப் போனால் சோதனைக்குச் செலவே இராது. ஆனால் மெடிகேர் கண்ணாடிக்குப் பணம் தராது. அதற்காகத்தான் இந்த மானியம். பழைய கண்ணாடி உடைந்திருந்தாலும் எடுத்துவரச் சொல்லுங்கள், மருந்துப் பட்டியலையும் கொண்டுவரட்டும். நீரிழிவு உள்ளவர் என்றால் கண்ணின் பாப்பா (நடுவில் உள்ள கறுப்புத் துளை) விரியச் சொட்டு மருந்து விடுவார்கள். அதன்பின் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். வண்டி ஓட்ட வேறு ஆள் வேண்டும். நாட்டுப்புறத்தில் இதைச் சொல்ல மறந்தால் அந்த மனிதர் ஐம்பது கிலோமீட்டர் தாண்டி வீட்டுக்குப் போக வழியில்லாமல் நிற்பார்.

நீரிழிவு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ணாடி கேட்டு வருகிறவரை அதோடு அனுப்பிவிடக் கூடாது. நீரிழிவு உள்ள பூர்வகுடி மக்களுக்கு ஆண்டுதோறும் விழித்திரைச் சோதனை வேண்டும் என்பது இங்குள்ள மருத்துவ வழிகாட்டுதல். மற்றவர்களுக்கு அது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. 2008இல் நடந்த தேசியக் கண்நலக் கணக்கெடுப்பில், பூர்வகுடிக் குழந்தைகளின் பார்வை மற்ற ஆஸ்திரேலியக் குழந்தைகளைவிட நன்றாகவே இருந்தது. நாற்பதைத் தாண்டும்போது நிலைமை தலைகீழாகிறது. 2016 கண்நலக் கணக்கெடுப்பில் பூர்வகுடிப் பெரியவர்களிடையே பார்வைக் குறைபாடு மற்றவர்களைவிட மூன்று மடங்கு. முதன்மையான காரணங்கள் சரிசெய்யாமல் விட்ட பார்வைப் பிழையும் கண்புரையும். முதலாவதற்கு மருந்து ஒரு ஜோடி கண்ணாடிதான். நல்ல கண்ணோடு பிறந்த ஒரு மக்கள்கூட்டம், பத்து டாலர் பொருள் கைக்கு எட்டாததால் மங்கலாகப் பார்த்துக்கொண்டு வாழ்கிறது. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

குடும்ப மருத்துவரிடம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெடிகேர் 715 என்ற எண்ணில் பூர்வகுடி மக்களுக்கென்று உடல்நலச் சோதனை இருக்கிறது. அதில் கண்ணும் சேர்த்தி. பார்வைப் பலகையை வெறும் சடங்காகக் காட்டாதீர்கள். தூரம் தெரிகிறதா என்று பார்த்த கையோடு, மருந்துச் சீட்டில் உள்ள சிறிய எழுத்தையும் படிக்கச் சொல்லுங்கள். நாற்பத்தைந்து வயதுக்காரர் கையை நீட்டி நீட்டிப் பிடித்தால் அது வெள்ளெழுத்து. அன்றே கண் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்டிடம் நேரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

ஃப்ரேம் தேர்வில் அவசரப்படுத்தாதீர்கள். திட்டத்துக்குரிய ஃப்ரேம்கள் எவை என்று கேட்டு, அந்தத் தட்டை முழுவதுமாக எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். இலவசம் போன்ற விலைக்குக் கிடைப்பதால் கிடைத்ததை மாட்டிக்கொள்ளட்டும் என்ற எண்ணம் நமக்குள் வரவே கூடாது. முகத்துக்குப் பிடிக்காத கண்ணாடி மேசை இழுப்பறையில்தான் கிடக்கும். மூக்கின் மேல் பாலம் நன்றாக உட்காருகிறதா, காதின் பின்னால் கம்பி அழுத்துகிறதா என்று நான் விரலை விட்டுப் பார்ப்பேன். மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் ஆன பைஃபோக்கல் என்றால் அவர் வழக்கமாக எப்படி உட்காருவார், எதைப் படிப்பார் என்று கேட்டுத்தான் படிக்கும் பகுதியின் உயரத்தைக் குறிப்பேன். கையெழுத்து வாங்கும் முன், பத்து டாலருக்கு மேல் ஏதாவது சேருகிறதா என்று கடைக்காரரிடம் அவர் முன்னிலையிலேயே கேட்டுவிடுங்கள்.

பேசும் முறையில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பூர்வகுடி மக்கள் மூத்தவர்களை ஆன்டி, அங்கிள் என்றே அழைப்பார்கள். அது மரியாதைச் சொல். ஊரில் வயதானவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத நமக்கு இது தானாகவே வரும். ஆனாலும் முதல் சந்திப்பில் எப்படி அழைக்கலாம் என்று கேட்டுவிடுவேன். குறித்த நாளில் வரவில்லை என்றால் கறுப்புப் புள்ளி வைக்க வேண்டாம். சமூகத்தில் ஒரு சாவு விழுந்தால் எல்லாமே நிற்கும். அதை "சாரி பிசினஸ்" என்பார்கள். நம் வீட்டுத் துக்கத்தில் யார் கண்ணாடி வாங்கப் போவோம்? இரண்டு வாரம் கழித்து அழைத்து வேறு நாள் கொடுங்கள்.

எல்லையோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க: எச்சுகாவுக்கும் மோவாமாவுக்கும் நடுவில் ஒரு ஆறுதான், ஆனால் எச்சுகா விக்டோரியா, மோவாமா நியூ சவுத் வேல்ஸ். அங்கே வீடு என்றால் அந்த மாநிலத்தின் கண்ணாடித் திட்டத்தைக் கேட்க வேண்டும். குவீன்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியாவிலும் தனித்தனித் திட்டங்கள் உண்டு, விதிகளும் வேறு. வீட்டு முகவரியைக் கேட்காமல் நேரம் குறித்துவிட்டு, பிறகு ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

கண்ணாடி வந்துசேர்ந்ததும் குறுஞ்செய்தியோடு நின்றுவிடாமல் தொலைபேசியில் பேசுங்கள். எண்கள் அடிக்கடி மாறும், ஆகவே ஒரு உறவினர் எண்ணும் முன்பே வாங்கி வையுங்கள். தபாலில் அனுப்புவதை நான் விரும்புவதில்லை. நேரில் மாட்டிப் பார்த்து, கம்பியைச் சூடாக்கி வளைத்து, ஒரு செய்தித்தாளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். அடுத்த சோதனை எந்த மாதம், அடுத்த மானியக் கண்ணாடி எப்போது என்று ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடித் தருவேன்.