பாடாங் கோத்தா நினைவுத்தூணில் சயாம் ரயிலைத் தேடுவோருக்கு

வெளிநாட்டில் குடியேறிவிட்டு லீவுக்குப் பினாங்கு வரும் நம் மலேசியத் தமிழர்கள் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன், தண்ணீர்மலை முருகன், நாசி கண்டார் சாப்பாடு என்று சுற்றிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் "அவர் சயாமுக்குப் போனவர்" (இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போடக் கொண்டுபோனவர்) என்று யாரைப் பற்றியாவது பேச்சு அடிபட்டிருந்தால், பாடாங் கோத்தா லாமாவில் கடலோரம் நிற்கும் போர் நினைவுத்தூணுக்கும் ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள்.

போவது சுலபம். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகலாம். முடியாதவர்களுக்கு ஊருக்குள் சுற்றிவரும் இலவச கேட் (CAT) பஸ் இருக்கிறது, கார்ன்வாலிஸ் கோட்டை அருகே இறங்கினால் போதும். வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடுங்கள். பிறகு திடலில் மண்டையைப் பிளக்கும்.

முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1929இல் எழுப்பிய தூண் இது. அடுத்த போரில் சிதைந்து, 1948இல் மறுபடி கட்டினார்கள். பலரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பின்னாளில் பதித்த பலகைகளில் இரண்டாம் உலகப் போர், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் 1948 முதல் 1960 வரை இருந்த அவசரகாலம், 1960களில் இந்தோனேசியா மலேசியாவோடு நடத்திய மோதல் எல்லாம் வருகின்றன. அவற்றோடு சயாம்-பர்மா மரண ரயிலுக்கும் ஒரு பலகை உண்டு. நமக்கு முக்கியம் அதுதான்.

ஜப்பானியர்கள் 1942-43இல் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரம் பேரை வண்டி ஏற்றினார்கள். முதலில் நல்ல சம்பளம், கொஞ்ச நாள் வேலை என்று ஆசை காட்டினார்கள். அப்புறம் இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிக் கதவைப் பூட்டிப் பிடித்ததும் நடந்தது. காலராவிலும் மலேரியாவிலும் செத்தவர்களைக் குழிகளில் மொத்தமாகத் தள்ளினார்கள். அதே பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர். அவர்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்கள் அதைவிடப் பல மடங்கு இறந்தார்கள், ஆனால் ஆளுக்கொரு கல் கிடையாது. அதனால் பெயர் தேடி இங்கே வராதீர்கள், ஏமாற்றமாக இருக்கும்.

பெயர் கிடைக்கும் இடங்கள் வேறு. தாத்தா பிரிட்டிஷ் இந்தியப் படையில் சிப்பாயாக இருந்து இறந்திருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். தைப்பிங் போர்க் கல்லறையில் இந்திய வீரர்களும் இருக்கிறார்கள். பினாங்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். தோட்டத் தொழிலாளி என்றால் அந்தப் பதிவு உதவாது, வீட்டுப் பெரியவர்கள்தான் பதிவு. எந்தத் தோட்டம், எந்த லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை), கூட யார் யார் போனார்கள், திரும்பி வந்தவர் யார் என்று கேட்டுப் போனில் பதிந்துகொள்ளுங்கள். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணும் தெரியாதுப்பா" என்றுதான் வரும். தோட்டத்தின் பெயரிலிருந்து ஆரம்பியுங்கள், பேச்சு தானாக வரும்.

மாலை போட விரும்பினால் லிட்டில் இந்தியாவிலேயே வாங்கிக்கொள்ளலாம். சூடம், விளக்கு வேண்டாம், கல்லில் கரி பிடிக்கும். பிளாஸ்டிக் பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். முதல் உலகப் போர் நின்ற நாளான நவம்பர் 11ஐ ஒட்டி நடக்கும் அஞ்சலிக்குப் போனால் அரை மணி முன்னதாகவே போய் நில்லுங்கள். பியூகிள் ஊதி, மௌனம் காக்கும்போது போனை அணைத்துவிடுங்கள். மலர்வளையங்களைப் பார்த்தால் அது ராணுவத்தார் விழா போலத்தான் தோன்றும். தயங்காதீர்கள், அந்தப் பலகை இருக்கும்வரை நமக்கும் அங்கே இடம் உண்டு.

நேரம் மிச்சமிருந்தால் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தையும் பார்க்கலாம். 1914 செப்டம்பர் 22இல் சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அக்டோபர் 28இல் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்து ஜெம்சூக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. அதில் இறந்த ரஷ்ய மாலுமிகளுக்கு அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. நவம்பரில் போகிறவர்கள் குடை எடுத்துக்கொள்ளுங்கள், பினாங்கில் அது மழைக்காலம்.